யார் குற்றம் என்று கேட்க வேண்டாம்: வளரிளம் பருவத்தில் தெரியவரும் ஆட்டிசம்



ஒவ்வோர் ஆண்டும் ஏப்ரல் 2ஆம் நாளை உலக ஆட்டிசம் விழிப்புணர்வு நாளாகக் கடைப்பிடிக்கிறோம். ஐக்கிய நாடுகள் பொதுப்பேரவை 2007ஆம் ஆண்டில் எடுத்த முடிவின்படி 2008 முதல் இந்நாள் நினைவுகூரப்படுகிறது. அந்நாளில் நாம் கேட்கும் உரைகளும் காணும் படங்களும் பெரும்பாலும் இரண்டு, மூன்று வயதுக் குழந்தைகளைப் பற்றியவை. ஆனால் நம் பங்குகளில் வேறொரு கவலையும் இருக்கிறது. "பையன் பத்தாவது படிக்கிறான் ஃபாதர், யார் வந்தாலும் அறைக்குள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறான்." "மகள் நன்றாகப் படிக்கிறாள் சிஸ்டர், ஆனால் ஒரு தோழிகூட இல்லை, பள்ளிவிட்டு வந்தால் தினமும் அழுகை." பூசை முடிந்தபின், ஆலய வாசலில், குரலைத் தாழ்த்தி இப்படிச் சொல்லும் பெற்றோர் இல்லாத பங்கு அரிது.

இவர்களுக்குக் கிடைக்கும் பதில்களும் நமக்குத் தெரிந்தவையே. திமிர் என்பார் ஒருவர். அம்மா கொடுத்த செல்லம் என்பார் மற்றொருவர். செய்வினை என்று காதோடு சொல்பவரும் உண்டு. கால்கட்டுப் போட்டால் சரியாகிவிடும் என்பது கடைசி ஆலோசனை. ஆனால் இப்பிள்ளைகளில் சிலருக்கு, சிறுவயதிலேயே இருந்தும் எவர் கண்ணிலும் படாமல் போன ஆட்டிசம் காரணமாக இருக்கலாம். அதை எப்படி அடையாளம் காண்பது, எங்கே உதவி கேட்பது, பங்குச் சமூகமாக நாம் செய்ய வேண்டியது என்ன என்பதை இப்பகுதியில் சிந்திப்போம்.

ஆட்டிசம் என்பது என்ன?

ஆட்டிசம் ஒரு நோயல்ல, மனநோயும் அல்ல. மூளை வளரும் விதத்தில் பிறவியிலேயே அமைந்துள்ள ஒரு வேறுபாடு. 1943இல் அமெரிக்காவில் லியோ கானர் என்ற மருத்துவரும், 1944இல் வியன்னாவில் ஹான்ஸ் ஆஸ்பெர்கர் என்ற மருத்துவரும் இத்தகைய குழந்தைகளைப் பற்றித் தனித்தனியே எழுதினார்கள். கானர் கண்ட குழந்தைகளில் சிலர் பேசவே இல்லை. ஆஸ்பெர்கர் கண்ட சிறுவர்களோ நன்றாகப் பேசினார்கள், ஆனால் பழகத் தெரியாமல் தவித்தார்கள். நீண்ட காலம் வெவ்வேறு பெயர்களில் வழங்கிய இவை, 2013ஆம் ஆண்டில் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் வெளியிட்ட வகைப்பாட்டில் ஒரே பெயருக்குள் கொண்டுவரப்பட்டன. ஆகவே வாழ்நாள் முழுவதும் துணை தேவைப்படுபவரும் ஆட்டிசம் உடையவரே. கல்லூரியில் முதலிடம் பெற்று, உணவகத்தில் சாப்பாடு கேட்டு வாங்கத் தடுமாறுபவரும் ஆட்டிசம் உடையவரே.

உலகில் 2021ஆம் ஆண்டில் ஏறத்தாழ 127 பேருக்கு ஒருவர் ஆட்டிசம் உடையவராக இருந்தார் என்று உலக நலவாழ்வு நிறுவனம் கணிக்கிறது. அப்படியானால் ஆயிரம் பேர் உள்ள ஒரு பங்கில் ஏழெட்டுப் பேர் இருக்கக்கூடும். அவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்று நமக்குத் தெரியவில்லை என்றால், அவர்கள் இல்லை என்று பொருளல்ல.

நம் அரசு ஆவணங்களில் இதற்கு 'புற உலகச் சிந்தனையற்ற மதி இறுக்கம்' என்ற நீண்ட பெயர் உண்டு. விண்ணப்பங்களில் இப்பெயரைப் பார்த்தால் பெற்றோர் மனம் கலங்க வேண்டாம். இப்பிள்ளைகளுக்குப் புற உலகைப் பற்றிய சிந்தனை இல்லை என்பது சரியன்று. பலருக்குப் புற உலகம் அளவுக்கு மீறிக் கேட்கிறது, மின்னுகிறது, உறுத்துகிறது. அதிலிருந்து தப்பவே அவர்கள் ஒதுங்குகிறார்கள்.

இத்தனை ஆண்டுகள் ஏன் தெரியவில்லை?

நம் காவிரிப் படுகையின் வாழ்க்கை முறையிலேயே இதற்குப் பாதி விடை இருக்கிறது. கிராமத்தில் பிறந்த பிள்ளைக்கு வீட்டைச் சுற்றி உறவுகள். தாத்தா, அப்பாயி, பெரியப்பா, அத்தை எல்லோருக்கும் அவனைத் தெரியும். அவன் கேட்காமலே தேவையானது தட்டில் வந்துவிடும். ஊர்ப் பள்ளியில் அதே பெஞ்சு, அதே டீச்சர். "அவன் அப்படித்தான், ஒரு மாதிரி" என்று ஊரே ஏற்றுக்கொள்கிறது. இது ஒரு பெரிய வரம். ஆனால் இந்த வரமே அவனுடைய சிரமத்தை மறைத்தும்விடுகிறது.

பிறகு மேல்நிலைப் பள்ளிக்காகத் தஞ்சைக்கோ, கும்பகோணத்துக்கோ, மன்னார்குடிக்கோ செல்கிறான். காலையில் நெரிசலான நகரப் பேருந்து. பாடத்திற்கு ஓர் ஆசிரியர். கேலியும் கிண்டலும் இரட்டைப் பொருளும் நிறைந்த பேச்சு. உடலும் மாறுகிறது. அதுவரை அவனைத் தாங்கிய ஏற்பாடுகள் எல்லாம் ஒரே ஆண்டில் கழன்றுவிடுகின்றன. அப்போதுதான் "திடீரென்று மாறிவிட்டான்" என்கிறோம். பல நேரங்களில் மாறியது பிள்ளையல்ல, அவனைச் சுற்றியிருந்த உலகம்.

நம் பண்பாட்டில் வேறு இரு காரணங்களும் உண்டு. ஆட்டிசத்தின் அடையாளங்களில் ஒன்றாகக் கண்ணோடு கண் பார்த்துப் பேசாமையைச் சொல்வார்கள். நம்மிடையே பெரியவர்களைக் கண்ணுக்கு நேர் பார்க்காமல் பேசுவது மரியாதை. எனவே அது எவருக்கும் வித்தியாசமாகத் தோன்றுவதில்லை. அடுத்து, பெண் பிள்ளை பேசாமல் ஒதுங்கியிருந்தால் 'அடக்கமான பொண்ணு' என்று பாராட்டுகிறோம். மற்றப் பெண்களைப் பார்த்துப் பார்த்து அவர்களைப்போலச் சிரிக்கவும் பேசவும் அவள் நாள் முழுதும் நடித்துக்கொண்டிருக்கலாம். அந்தக் களைப்பு மாலையில் வீட்டில் அழுகையாக வெடிக்கும். ஆண் பிள்ளைகளைவிடப் பெண் பிள்ளைகளில் ஆட்டிசம் குறைவாகவும் தாமதமாகவும் கண்டறியப்படுவதற்கு இது ஒரு முக்கிய காரணம்.

எவற்றைக் கவனிக்க வேண்டும்?

கீழே சொல்லப்படுபவற்றில் ஒன்றோ இரண்டோ இருந்தாலே ஆட்டிசம் என்று முடிவுகட்டக் கூடாது. பல சேர்ந்து இருக்கின்றனவா, சிறுவயது முதலே இருந்தனவா, அன்றாட வாழ்வுக்குத் தடையாக உள்ளனவா என்று பார்க்க வேண்டும்.

பேச்சு: ஒரே பொருளைப் பற்றி மணிக்கணக்கில் பேசுவான், கேட்பவர் சலிப்படைந்தது அவனுக்குத் தெரியாது. சொன்னதைச் சொன்னபடியே எடுத்துக்கொள்வான். கோபத்தில் தாய் "எங்கேயாவது போய்த் தொலை" என்றால், உண்மையாகவே வீட்டை விட்டு நடக்கத் தொடங்கிவிடக்கூடும். இத்தகைய பிள்ளை இருக்கும் வீட்டில் வாய்வார்த்தையில் கவனம் தேவை. விருந்துக்குப் போன இடத்தில் "அத்தை, சாம்பார் நல்லா இல்லை" என்று சொல்லிவிட்டு, எல்லோரும் ஏன் முறைக்கிறார்கள் என்று புரியாமல் நிற்பான். அது மரியாதைக் குறைவு அல்ல. உள்ளதை உள்ளபடி சொன்னதுதான்.

பழக்கம்: அதே தட்டு, அதே வழி, பேருந்தில் அதே இருக்கை. மாறினால் தாங்க முடியாது. முன்னறிவிப்பு இல்லாமல் பயணமோ விருந்தினரோ வந்தால் நிலைகுலைந்து போவான்.

ஆர்வம்: ஒரு துறையில் வியக்கத்தக்க நினைவாற்றல் இருக்கும். மேட்டூர் அணையின் நீர்மட்டத்தை நாள்வாரியாகச் சொல்லுவான். எந்தப் பேருந்து எத்தனை மணிக்கு எந்த ஊரில் நிற்கும் என்று ஒப்பிப்பான். எந்தப் புனிதரின் விழா எந்த நாள் என்பதெல்லாம் அவனுக்கு மனப்பாடம். ஆனால் கடைக்குப் போய்ப் பால் வாங்கி மீதிச் சில்லறை கேட்கத் தயங்குவான்.

புலன்கள்: பட்டாசு, ஒலிபெருக்கி, மிக்சி ஆகியவற்றின் சத்தத்துக்குக் காதைப் பொத்திக்கொள்வான். புதுச் சட்டையின் கழுத்துப்பட்டி உறுத்தும். சாம்பிராணிப் புகையில் மூச்சு முட்டும். சாதம் குழைந்திருந்தால் தொடமாட்டான். மறுபுறம், காய்ச்சலோ வலியோ இருந்தாலும் சொல்லத் தெரியாமல் இருப்பவர்களும் உண்டு.

வெடிப்பும் உறைவும்: தாங்கும் எல்லை கடந்தால் கத்துவான், தலையில் அடித்துக்கொள்வான். அல்லது பேச்சே வராமல் உறைந்து உட்கார்ந்துவிடுவான். இது அடம் அல்ல. அடம் பிடிப்பவன் கேட்டது கிடைத்தவுடன் நிறுத்துவான். இவனோ எதையும் கேட்கவில்லை. தாங்க முடியவில்லை என்கிறான். அந்த நேரத்தில் அறிவுரையும் அடியும் எண்ணெய் ஊற்றியதுபோல் ஆகும். சத்தத்தையும் வெளிச்சத்தையும் குறைத்து, கூட்டத்தை விலக்கி, அருகில் அமைதியாக இருப்பதே உதவி.

நட்பு: நண்பர் வேண்டும் என்ற ஆசை இருக்கும், வழி தெரியாது. பணம் பிடுங்குபவனையும் மாட்டிவிடுபவனையும் நண்பன் என்றே நம்புவான். பள்ளியில் துன்புறுத்தப்படுவதை வீட்டில் சொல்லமாட்டான்.

வேறு காரணங்களும் இருக்கலாம்

ஒன்றை இங்கே அழுத்தமாகச் சொல்ல வேண்டும். ஆட்டிசத்தின் சுவடுகள் குழந்தைப் பருவத்திலேயே இருந்திருக்கும். நன்றாகப் பேசிப் பழகிக்கொண்டிருந்த பிள்ளை பதினான்கு, பதினைந்து வயதில் முற்றிலும் மாறினால் வேறு காரணத்தையும் தேட வேண்டும். தூக்கம் கெடுதல், யாரோ பேசுவதுபோல் கேட்கிறது என்றல், எவர்மீதும் சந்தேகம், இவை வேறு மனநலச் சிக்கலின் அறிகுறிகளாக இருக்கலாம். மனச்சோர்வு, போதைப் பழக்கம், பாலியல் துன்புறுத்தல் ஆகியவையும் பிள்ளையை ஒடுங்கச் செய்யும். செவித்திறன் குறைவும் கவனச்சிதறலும் கற்றல் குறைபாடும் ஆட்டிசம்போலத் தோன்றுவது உண்டு.

ஆட்டிசத்தோடு சேர்ந்தே மனச்சோர்வும் பதற்றமும் வரலாம். சிலருக்கு வளரிளம் பருவத்தில் வலிப்பு தொடங்கலாம். "சாகவேண்டும்போல் இருக்கிறது" என்று பிள்ளை சொன்னால் அதைச் சும்மா சொல்வதாக எண்ணாமல் அன்றே மருத்துவரிடம் செல்ல வேண்டும். 14416 என்ற டெலி மனஸ் எண்ணில் எந்நேரமும் தமிழில் மனநல ஆலோசனை பெறலாம். பிள்ளைக்கு எவராலும் தீங்கு நேர்ந்தால் 1098 என்ற எண் இருக்கிறது.

யாருடைய குற்றமும் அல்ல

யோவான் நற்செய்தி 9ஆம் அதிகாரத்தில் பிறவியிலேயே பார்வையற்ற ஒருவரைச் சீடர்கள் காண்கிறார்கள். உடனே அவர்கள் மனத்தில் எழுவது, இது இவருடைய பாவமா, பெற்றோருடைய பாவமா என்ற கேள்வி. இயேசு இரண்டையும் மறுக்கிறார். யார் குற்றம் என்று தேடுவதை விட்டுவிட்டு, இவரில் கடவுளின் செயல் வெளிப்பட வேண்டும் என்ற பக்கம் அவர்களைத் திருப்புகிறார்.

மருத்துவ உலகமும் ஒரு காலத்தில் சீடர்களின் தவற்றையே செய்தது. அன்பில்லாத, குளிர்ந்த மனம்கொண்ட தாய்மார்களால்தான் ஆட்டிசம் வருகிறது என்று 1950களிலும் 1960களிலும் பல வல்லுநர்கள் நம்பினார்கள். எத்தனையோ தாய்மார்கள் இந்தப் பழியைச் சுமந்தார்கள். ஆட்டிசம் உடைய மகனின் தந்தையும் உளவியலாளருமான பெர்னார்டு ரிம்லாண்டு 1964இல் வெளியிட்ட நூலில் இதை மறுத்து, காரணம் உடலமைப்பிலேயே உள்ளது என்று வாதிட்டார். மரபணுக்களுக்கு இதில் பெரும்பங்கு உண்டு என்பது இன்று நன்கு நிறுவப்பட்டுள்ளது. தடுப்பூசியே காரணம் என்று 1998இல் வெளியான ஆய்வுக் கட்டுரை தவறானது எனக் கண்டு 2010இல் திரும்பப் பெறப்பட்டது. தாயின் வேலையோ, தந்தையின் வெளிநாட்டு வாழ்க்கையோ, முன்னோரின் பாவமோ ஆட்டிசத்தைத் தருவதில்லை.

எனவே பேய் பிடித்திருக்கிறது என்று பிள்ளையைக் கட்டிவைப்பதும் அடிப்பதும் பெரும் அநீதி. மறைமாவட்ட ஆயரின் வெளிப்படையான தனி அனுமதியின்றி எவரும் பேயோட்டும் சடங்கு நடத்தக் கூடாது என்பது திருஅவைச் சட்டம் 1172 நமக்குச் சொல்லும் ஒழுங்கு. வேளாங்கண்ணிக்கும் பூண்டிக்கும் பிள்ளையை அழைத்துச் சென்று அன்னையிடம் மன்றாடுவோம். அது நம் விசுவாசம். அந்த மன்றாட்டு மருத்துவரிடம் செல்ல நமக்குத் துணிவைத் தரட்டும், மருத்துவருக்கு மாற்றாகிவிட வேண்டாம்.

ஆட்டிசத்தை மாற்றிவிடும் மருந்து எதுவும் இல்லை. வலிப்பு, பதற்றம், தூக்கமின்மை போன்ற உடன்வரும் சிரமங்களுக்கு மட்டுமே மருந்து உதவும். குணப்படுத்துவதாகச் சொல்லி இலட்சக்கணக்கில் பணம் கேட்பவர்களிடம் எச்சரிக்கையாய் இருப்போம். குருத்தணுச் சிகிச்சையை ஆட்டிசத்துக்குப் பரிந்துரைக்க முடியாது என்று தேசிய மருத்துவ ஆணையம் அமைத்த குழு 2022இல் தெரிவித்துள்ளது. அதற்காக நிலத்தை அடகு வைக்க வேண்டாம்.

எங்கே செல்வது?

முதலில் ஒரு நோட்டுப் புத்தகம் எடுங்கள். எத்தனை மாதத்தில் நடந்தான், எப்போது பேசினான், எதற்கெல்லாம் அழுதான், எப்படி விளையாடினான் என்று நினைவுள்ளவற்றை எழுதுங்கள். அப்பாயி, அம்மாச்சி, பழைய வகுப்பாசிரியர் ஆகியோரிடமும் கேளுங்கள். இப்போதுள்ள சிரமங்களை நாள் குறித்து எழுதுங்கள். வளர்ந்த பிள்ளைக்கு ஆட்டிசம் உண்டா என்று மருத்துவர் முடிவுசெய்ய இந்தக் குழந்தைப் பருவ விவரங்களே பெரிதும் உதவும்.

அடுத்து, தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவை அணுகலாம். அரசுப் பள்ளியிலும் அரசு உதவிபெறும் பள்ளியிலும் படிக்கும் 18 வயதுவரையுள்ள பிள்ளைகள், 2013இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின் மருத்துவக் குழு வழியாகவும் பரிந்துரை பெறலாம். செவித்திறன் சோதனையையும் மறக்காமல் செய்துகொள்ளுங்கள்.

நம் நாட்டில் ஆட்டிசத்தை அளவிட இந்திய ஆட்டிச மதிப்பீட்டு அளவுகோல் பயன்படுகிறது. அதில் 40 கூறுகள் உண்டு. பழகுதல், உணர்ச்சி, பேச்சு, நடத்தை, புலன், அறிதல் என்ற ஆறு பகுதிகளில் அவை அடங்கும். ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண். மொத்தம் 70க்குக் குறைந்தால் ஆட்டிசம் இல்லை என்றும், 70 முதல் 106 வரை இலேசானது என்றும், 107 முதல் 153 வரை நடுத்தரம் என்றும், அதற்கு மேல் கடுமையானது என்றும் கொள்வார்கள். இது பரீட்சை அல்ல. பிள்ளையின் தகுதிக்குப் போடும் மதிப்பெண்ணும் அல்ல. எவ்வளவு துணை தேவை என்பதைக் காட்டும் அளவு மட்டுமே.

பிறகு, மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் மருத்துவக் குழு கூடும் நாளைக் கேட்டறிந்து, சான்றிதழும் தேசிய அடையாள அட்டையும் பெற விண்ணப்பியுங்கள். சில பெற்றோர் தயங்குகிறார்கள். "அட்டை வாங்கினால் ஊருக்குத் தெரிந்துவிடும், தங்கச்சிக்கு வரன் வராது" என்கிறார்கள். இந்த அச்சம் பொய்யல்ல. ஆனால் அட்டையை ஊருக்குக் காட்ட வேண்டியதில்லை; தேவையான அலுவலகத்தில் காட்டினால் போதும். மறைத்தாலும் பிள்ளையின் சிரமம் மறையாது. உதவி மட்டுமே வராமல் போகும்.

கூடுதல் மதிப்பீட்டுக்கும் பயிற்சிக்கும் சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் 2005 முதல் இயங்கும் மத்திய அரசின் பல்வகை மாற்றுத்திறனாளிகள் மேம்பாட்டு நிறுவனம் இருக்கிறது. அருகிலேயே திருச்சியில், அருட்சகோதரிகள் நடத்தும் ஹோலி கிராஸ் கல்லூரியில் மறுவாழ்வு அறிவியலுக்கென்றே ஒரு துறை உள்ளது. சிறப்பாசிரியர்களைப் பற்றி விசாரிக்க அதுவும் நல்ல இடம்.

பள்ளியும் எதிர்காலமும்

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஏற்றுக்கொண்ட 21 வகைகளில் ஆட்டிசமும் ஒன்று. தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுத ஒருவர், இரண்டாம் மூன்றாம் மொழிப்பாட விலக்கு போன்ற மாற்றங்களுக்கு இச்சட்டம் வழிசெய்கிறது. பொதுத்தேர்வு நெருங்கும்போது ஓடாமல், ஒன்பதாம் வகுப்பிலேயே தலைமையாசிரியரிடம் பேசிவிடுவது நல்லது. வட்டார வள மையத்தின் சிறப்பாசிரியரையும் கேட்கலாம். 40 விழுக்காடும் அதற்கு மேலும் குறைபாடு எனச் சான்று பெற்றவர்களுக்கு அரசு, அரசு உதவிபெறும் உயர்கல்வி நிறுவனங்களில் குறைந்தது 5 விழுக்காடு இடமும், அரசு வேலையில் 4 விழுக்காடு ஒதுக்கீடும் உண்டு. அந்த நான்கில் ஒரு விழுக்காடு ஆட்டிசம் உள்ளிட்ட சில வகையினருக்கு உரியது.

1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின்கீழ் 'நிராமயா' என்ற மருத்துவக் காப்பீடு ஓர் இலட்ச ரூபாய் வரை கிடைக்கிறது. 18 வயதுக்குப் பிறகும் தாமே முடிவெடுக்க இயலாதவர்களுக்கு, மாவட்ட ஆட்சியர் தலைமையிலான குழு சட்டப்படி காப்பாளரை நியமிக்கும். "எங்களுக்குப் பிறகு யார்?" என்று ஏங்கும் பெற்றோர் அறிந்திருக்க வேண்டிய வழி இது. தாமே முடிவெடுக்கக் கூடியவர்களுக்கு இது தேவையில்லை.

பிள்ளையிடம் என்ன சொல்வது? உண்மையைச் சொல்லுங்கள். "உன் மூளை வேலை செய்யும் விதம் வேறு. அதனால்தான் சத்தம் உனக்கு அவ்வளவு வலிக்கிறது. அதனால்தான் நீ அணை நீர்மட்டத்தை மறப்பதே இல்லை. நீ சோம்பேறியும் இல்லை, கெட்டவனும் இல்லை." பதினைந்து ஆண்டுகளாகத் தன்னையே வெறுத்துவந்த பிள்ளைக்கு இந்தச் சொற்கள் பெரும் விடுதலையாக அமையலாம். தாமதமாகத் தெரிந்தாலும் தெரிந்துகொள்வதன் பயன் இங்கேதான் இருக்கிறது.

தண்ணீர் பற்றி ஓர் எச்சரிக்கை

ஆட்டிசம் உடைய பிள்ளைகளில் சிலர் மனம் தாங்காதபோது சொல்லாமல் வெளியேறிவிடுவார்கள். பலருக்குத் தண்ணீர்மேல் தனி ஈர்ப்பு உண்டு. இப்படி வெளியேறும் பிள்ளைகள் நீரில் மூழ்கி இறப்பது பல நாடுகளில் பதிவாகியுள்ள பேராபத்து. நாம் வாழ்வதோ ஆறும் வாய்க்காலும் பின்னிய மண். வழக்கமாக ஜூன் 12ஆம் நாள் மேட்டூர் திறந்தால், சில நாளில் கல்லணையும் திறக்கப்படும். நேற்றுவரை பிள்ளை நடந்து கடந்த வெண்ணாற்றிலும் கல்லணைக் கால்வாயிலும் இன்று ஆள் மூழ்கும் தண்ணீர் ஓடும். இந்த மாற்றத்தைப் படம் போட்டு, நேரில் கரையில் நின்று காட்டி, முன்கூட்டியே விளக்குங்கள். நீச்சல் கற்றுக்கொடுங்கள். வீட்டு எண் எழுதிய அட்டையைச் சட்டைப்பையில் வையுங்கள். படித்துறை அருகில் கடை வைத்திருப்பவர்களிடமும் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள்.

பங்குச் சமூகம் செய்யக்கூடியது

மாற்கு நற்செய்தி 7ஆம் அதிகாரத்தில், காது கேளாதவரும் பேச்சுத் திக்கியவருமான ஒருவரை மக்கள் இயேசுவிடம் கொண்டுவருகிறார்கள். இயேசு முதலில் செய்தது அவரைக் கூட்டத்திலிருந்து தனியே அழைத்துச் சென்றது. பிறகு காதையும் நாவையும் தொட்டு, அவருக்குப் புரியும் வழியில் தொடர்புகொண்டார். அவர் கூட்டத்துக்கு ஏற்ப மாறும்வரை இயேசு காத்திருக்கவில்லை. ஆட்டிசம் உடைய பிள்ளையை வரவேற்க நமக்கு இதைவிடத் தெளிவான பாடம் வேண்டுமா?

2014ஆம் ஆண்டு நவம்பரில், ஆட்டிசம் பற்றிய மாநாட்டையொட்டி, ஆட்டிசம் உடையவர்களையும் அவர்கள் குடும்பங்களையும் மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் வத்திக்கானில் சந்தித்தார். இக்குடும்பங்களைச் சூழ்ந்துள்ள தனிமையையும் அவப்பெயரின் சுமையையும் உடைக்க எல்லாரும் முன்வர வேண்டுமென்று அன்று கேட்டுக்கொண்டார். நம் பங்குகளில் இதற்குப் பெரிய செலவு ஆகாது.

ஒலிபெருக்கி இல்லாத மூலையில், வாசலருகே ஓர் இடத்தை இக்குடும்பத்துக்கு ஒதுக்கலாம். பிள்ளை திருப்பலி நடுவே எழுந்து வெளியே சென்று வந்தால் திரும்பிப் பார்க்காமல் இருக்கலாம். தேர்பவனிக்கு எத்தனை மணிக்கு வெடி என்று முன்பே சொல்லிவிடலாம். அவர்களின் நிலைக்கு ஏற்பத் தக்க மறைக்கல்வி அளிப்பது பங்குத்தந்தையின் கடமை என்று திருஅவைச் சட்டம் 777 குறிப்பிடுகிறது. எனவே புதுநன்மைக்கும் உறுதிபூசுதலுக்கும் "இவனுக்கு எதற்கு?" என்ற பேச்சே எழக்கூடாது. பேச இயலாத பிள்ளை பாவசங்கீர்த்தனத்துக்கு எழுதிக் கொண்டுவரலாம். ஒழுங்கு மாறாத திருப்பலிச் சடங்கு சில பிள்ளைகளுக்கு மிகப் பிடிக்கும். பயிற்சி தந்தால் நம் பங்கின் சிறந்த பீடச்சிறுவன் அவனாகவே இருக்கக்கூடும்.

அன்பியக் கூட்டங்களிலும் ஒன்று செய்யலாம். ஞாயிறு மாலை இரண்டு மணி நேரம் ஒருவர் அந்தப் பிள்ளையோடு இருந்தால், தாய் சற்று உறங்குவார். அண்ணனுக்காகவே எல்லாவற்றையும் விட்டுக்கொடுத்த தங்கையைத் தந்தை கடைத்தெருவுக்கு அழைத்துச் செல்வார். இது சிறிய உதவி. ஆனால் அந்த வீட்டில் பல ஆண்டுகளாக எவரும் செய்யாத உதவியாக அது இருக்கலாம்.

அன்பானவர்களே, அடுத்த ஞாயிறு ஆலய வாசலில் ஒரு தாய் குரலைத் தாழ்த்திப் பேச வந்தால், பிள்ளையை எப்படி வளர்த்தீர்கள் என்று கேட்க வேண்டாம். பிள்ளைக்கு என்ன சிரமம், நாங்கள் என்ன செய்யட்டும் என்று கேட்போம். மருத்துவமனைக்குத் துணைக்கு வருகிறோம் என்று சொல்வோம். கூட்டத்திலிருந்து ஒருவரைத் தனியே அழைத்துச் சென்று அன்பு காட்டிய ஆண்டவர், அந்தப் பொறுமையை நமக்கும் தந்தருள்வாராக.